எங்க நின்னுச்சுன்னு பாக்கலாம்

கண்ணுங்களா,

போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் இன்டர்நெட் நின்றுபோனது ஞாபகம் இருக்கிறதா? "இவதான் வயரை மிதிச்சா" என்று பெரியவன். "பொய்யிப்பா, அவன்தான் கண்டதை அமுக்கினான்" என்று சின்னவள். நான் மேசைக்கு அடியில் தவழ்ந்து, கம்ப்யூட்டரின் முதுகிலிருந்து வயரைத் தடவிக்கொண்டே சுவர் வரைக்கும் போனேன். சரிசெய்துவிட்டு வெளியே வந்ததும் இரண்டு பேரும் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். "யார் தப்புன்னு சொல்லுங்கப்பா." நான் சொல்லவில்லை. பெரியவன் சாப்பிடும்போதுகூட முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் ஒரு பெண்மணி. நீங்கள் அவரைப் பார்த்ததில்லை. வாயால் சொன்னால் பாதியில் எழுந்து டிவி பார்க்கப் போய்விடுவீர்கள் என்று எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். கோர்வையாக வராது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒரே ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் அவர் பிழைப்பு அவர் கையிலேயே இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. அப்படிப்பட்டவருடைய பெயரை மட்டும் நான் எழுதுவது நியாயமாகப் படவில்லை. எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் லைன் அக்கா. அது போதும்.

எனக்குக் கல்யாணமான புதிது. இதே ஜோகுபாளையத்தில் ஒரு பிரௌசிங் சென்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. கடையைத் திறந்து, சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டி, வருகிறவர்களை உட்காரவைத்து, மணி கணக்குப் பார்த்துப் பணம் வாங்க வேண்டும். அப்போதெல்லாம் வீட்டுக்கு வீடு இன்டர்நெட் கிடையாது. எங்கள் கடைக்கு அது லைன் அக்காவின் கேபிள் அறையிலிருந்து வரும். பெரிய கம்பெனி ஒன்று அவர் அறை வரைக்கும் கொண்டுவந்து கொடுக்கும். அங்கிருந்து மொட்டை மாடி மொட்டை மாடியாக அவர் வயர் இழுத்து எங்களுக்கு விட்டிருந்தார். கொஞ்ச தூரம் போனால் அந்த வயரில் தெம்பு குறைந்துவிடும். அதனால் நடுவழியில் ஏதாவது ஒரு வீட்டில் ஒரு சின்னப் பெட்டி வைக்க வேண்டும். பெட்டிக்குக் கரண்ட் வேண்டும் இல்லையா? அதற்குப் பதிலாக அந்த வீட்டுக்குக் கேபிள் டிவி இலவசம். இதுதான் அந்தக் காலத்து ஏற்பாடு.

எங்கள் கடைதான் அவருக்குப் பெரிய வாடிக்கை. மற்றதெல்லாம் வீட்டு டிவி லைன். அதில் பாதிப் பேர் மாதம் முடிந்தும் "அடுத்த வாரம் வாங்கக்கா" என்பார்கள். அவரை நம்பிப் பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தை இருந்தது.

லைன் வேலைக்கு ஒரு பெண்ணா என்று முதலில் எல்லோரும் கேட்டார்கள். பிறகு வீடுகளில் இருந்த பெண்களுக்குத்தான் அது வசதியாகிப்போனது. ஆண்கள் வேலைக்குப் போன நேரத்தில் தயங்காமல் கதவைத் திறந்துவிடலாம். அவர் உள்ளே வருவதே தனி மாதிரி. வாசலில் ரப்பர் செருப்பைக் கழற்றுவார். அங்கேயே விட்டுவிட மாட்டார். கையில் எடுத்துக்கொண்டு, சமையலறை வழியாக நடந்து, மாடிப்படியின் கடைசிப் படியில் நின்று திரும்பவும் போட்டுக்கொள்வார். ஆண்கள் போடுகிற அளவுச் செருப்பு. அவர் காலுக்குப் பெரிது. நடந்தால் டப் டப் என்று சத்தம் வரும். மாடியில் அந்தச் சத்தம் கேட்டால், கீழே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், "லைன் அக்கா வந்துட்டாங்க, இப்ப வந்துரும்" என்று கத்துவார்கள்.

அவர் பையில் வயர் நுனியில் கிளிப்பை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவி, கறுப்பு டேப், கொஞ்சம் பழைய புடவைத் துணி இருக்கும். எந்த இடத்தில் வயரை வெட்டிச் சேர்த்தாலும் அதன் மேல் ஒரு துண்டுத் துணியைக் கிழித்து முடிச்சுப் போட்டுவிடுவார். அடுத்த தடவை வரும்போது சேர்த்த இடம் தூரத்திலிருந்தே தெரியும். மாடிகளின் மேல் பச்சையும் மஞ்சளும் பூப்போட்டதுமாக அங்கங்கே முடிச்சுகள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். "எல்லாம் உங்க புடவையாக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன். "ஒண்ணு மட்டும் அவரு லுங்கி" என்றார். "எது?" என்றேன். டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தார்.

அவர் வேலை செய்யும் முறையைச் சொல்கிறேன், கேளுங்கள். கடையில் நெட் நின்றால் எங்கள் முதலாளி போனை எடுத்து, "யாரு தப்பும்மா? உன் தப்பா, கம்பெனி தப்பா?" என்றுதான் ஆரம்பிப்பார். அக்கா எல்லாருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "யாருன்னு அப்புறம் பாக்கலாம் சார். எங்க நின்னுச்சுன்னு பாக்கலாம்."

வந்தவுடன் கம்ப்யூட்டரிலிருந்து தொடங்குவார். கோளாறு வெளியில்தான் என்று அடித்துச் சொன்னாலும் கேட்க மாட்டார். திரையின் கீழ் மூலையில் இரண்டு குட்டி டிவி மாதிரி ஒரு படம் இருக்கும். அதன் மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்திருந்தால் வயர் எங்கேயோ கழன்றிருக்கிறது என்று அர்த்தம். குறி இல்லாமல், பக்கம் மட்டும் திறக்காமல் இருந்தால் என்னைப் பார்த்து, "பக்கத்து மிஷினுக்குப் போவுதா பாரு தம்பி" என்பார். கறுப்புத் திரையைத் திறந்து பிங் என்று அடித்துப் பார்ப்பேன். பதில் வரும். "சரி, வீட்டுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு பேசிக்குதுங்க. அப்ப வாசலுக்கு வெளியதான் நின்னிருக்கு" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்குக் கிளம்புவார்.

மூலையில் இருந்த கம்ப்யூட்டர் மட்டும் ஒரு வாரம் படுத்தியது. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்திருந்த ஒரு பையன் தினமும் அதில்தான் உட்காருவான். பாதி விண்ணப்பத்தில் நெட் போய்விடும். "ஏனுங்க, மறுபடியும் போயிருச்சுங்க. இது மூணாவது கம்பெனிங்க" என்று அழாத குறையாகச் சொல்வான். கோபம் வந்தால் அக்காவை நேராகவே கேட்டுவிடுவான். "உங்களுக்கு இந்த வேலை தெரியுமாங்க, தெரியாதுங்களா?"

அக்கா சிரித்தார். "தெரியிற வரைக்கும் தெரியும் ராஜா. கொஞ்சம் எந்திரி."

மேசைக்கு அடியில் போய் வெகுநேரம் இருந்தார். வெளியே வந்து, "சொருகுற கிளிப் ஒடஞ்சிருக்கு. எங்கிட்ட நல்லது கீது, மாத்திடறேன்" என்றார். மாற்றிவிட்டு, தரையில் கிடந்த வயரை மேசைக் காலோடு சேர்த்து உயரத் தூக்கித் துணியால் கட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டர் நிற்கவில்லை. பையனுக்கு வேலையும் கிடைத்தது. மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்து அக்காவுக்கென்று தனியாக ஒரு டப்பா கொடுத்தான்.

அவன் போன பிறகு நான் கேட்டேன். "அந்த கிளிப்ல ஷூ அடையாளம் இருந்துச்சேக்கா. அவன்தான் காலை நீட்டி நீட்டி உதைச்சிருக்கான்."

"இருந்துச்சு. அதான் மேல தூக்கிக் கட்டிட்டேனே" என்றார் அக்கா.

இவ்வளவோடு நின்றிருந்தால் நல்ல மனசுக்காரர் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அவருடைய இந்தப் பழக்கம் எனக்குப் பல நாள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

லைன் முதலில் அவர் கணவருடையது. அப்போது டிவி லைன் மட்டும்தான். நான் இந்தத் தெருவுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தூறல் விழுந்த ஒரு மத்தியானம் அவர் ஒரு மாடியில் நின்று நீளமான வயர் ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தார். அடுத்தவர் வீட்டு மாடியில் வடகம் காயப்போட்டிருப்பார்கள், துளசித் தொட்டி இருக்கும் என்பதற்காக அவர் எப்போதும் வெறுங்காலோடுதான் ஏறுவார். அந்த வயரின் மறுமுனை நாலைந்து மாடி தள்ளி ஈரத்தில் இழுபட்டு வந்தது. வழியில் ஏதோ ஒரு வீட்டில் கம்பத்திலிருந்து கொக்கி போட்டுத் திருட்டுக் கரண்ட் எடுத்திருந்தார்கள். வயர் அதில் பட்டிருக்கிறது. அவர் நின்ற இடத்திலேயே விழுந்தார். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும்போதே உயிர் இல்லை.

நாங்கள் மாடிகளுக்கு ஓடி ஏறிப் பார்ப்பதற்குள் கொக்கியைக் கழற்றி ஒளித்துவிட்டார்கள். எந்த வீடு என்று தெரியவில்லை. அந்த வரிசையில் பாதி வீடுகளில் கொக்கி உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் யாரையும் கை காட்டவில்லை.

காரியம் முடிந்த சில நாளில் அக்கா மாடி ஏறினார். கணவரின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, அறுந்த வயரைக் கையில் பிடித்தபடி, முதல் மாடியிலிருந்து கடைசி மாடி வரை தனியாக நடந்தார். தெருவே வாசலில் நின்று பார்த்தது. கரண்ட் பட்ட இடத்தில் வயர் கருகி இருக்கும் அல்லவா? அந்த இடத்தை அவர் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் சேர்த்திருக்க முடியாது. சாயங்காலம் எல்லா வீட்டிலும் டிவி வந்தது.

மறுநாள் மின்சார ஆபீஸ்காரர் ஒருவரும் போலீஸ்காரர் ஒருவரும் வந்தார்கள். யார் கொக்கி போட்டது என்று கன்னடத்தில் கேட்டார்கள். பேரைச் சொன்னால் நஷ்டஈடு கிடைக்கும், கேஸ் நிற்கும் என்று எடுத்துச் சொன்னார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "கொத்தில்லா சார்" என்றார். தெரியாதாம். எத்தனை தடவை கேட்டும் அதே கொத்தில்லாதான்.

அதற்குப் பிறகு தெருவில் இரண்டு விதமாகப் பேசினார்கள். தெய்வம் மாதிரி பொம்பளை என்று சிலர். உள்ளுக்குள் காசு வாங்கிக்கொண்டு வாயை மூடிவிட்டாள் என்று சிலர். உங்கள் அம்மா இரண்டையும் சொல்லவில்லை. அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "பேரைச் சொல்லியிருந்தா ஒரு வீடுதான் தலை குனிஞ்சிருக்கும். சொல்லாம விட்டதால இந்தத் தெருவே குனிஞ்சிக்கிட்டு நடக்குது. இது நல்லதா, கெட்டதான்னே எனக்குப் புரியல."

எனக்கும் புரியவில்லை. அக்கா எல்லா வீட்டுக்கும் போனார். எல்லா வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அந்த வீட்டிலும் குடித்திருப்பார். அவர் கை நீட்டித் தம்ளரை வாங்கும்போதெல்லாம் கொடுக்கிறவர்கள் முகத்தை நான் பார்ப்பேன். எல்லோருமே கண்ணைத் தாழ்த்திக்கொள்வது போலத்தான் எனக்குத் தோன்றும்.

இனி அந்தப் பெயர் விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வருஷம் மார்கழிக் குளிர் கொஞ்சம் அதிகம். சாயங்காலம் கடையில் கூட்டம் அலைமோதும் நேரம் பார்த்து, திடீரென்று எல்லா கம்ப்யூட்டரிலும் நெட் நின்றுவிடும். ஒரு மணி நேரமோ கூடக் குறையவோ ஆனதும் தானாக வந்துவிடும். அக்கா வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். அப்போதுதான் மர்பி டவுனில் புதிதாக இன்னொரு பிரௌசிங் சென்டர் திறந்திருந்தார்கள். எங்கள் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். முதலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. போட்டிக்காரன் யாருக்கோ காசு கொடுத்து வயரைப் பிடுங்கச் சொல்கிறான் என்று முடிவே கட்டிவிட்டார்.

"ஏம்மா, எவன் புடுங்குறான்னு கண்டுபிடிச்சு எங்கிட்ட பேரைச் சொல்லு. இந்த ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லல, நான் வேற லைன் போட்டுக்குவேன்."

"நிக்காம பண்ணிக் கொடுக்கறேன் சார்."

"நிக்காம பண்றது உன் வேலை. பேரு எனக்கு வேணும்."

மறுநாள் நெட் நின்றதும் அக்காவுக்குப் போன் போட்டேன். தயாராக இருந்திருப்பார் போல. உடனே வந்துவிட்டார். வழக்கம்போலக் கம்ப்யூட்டரில் தொடங்கி, கடைப் பெட்டியில் பச்சை விளக்கைப் பார்த்து, மாடிக்குக் கிளம்பினார். முதலாளி என்னையும் கூடப் போகச் சொன்னார். சாட்சிக்கு.

மாடியிலிருந்து மாடிக்குக் கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தாண்டிப் போனோம். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் முன்னால், டப் டப் என்ற செருப்புச் சத்தத்தோடு. வயரிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அங்கே யாரும் இல்லை என்ற தைரியத்தில் மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அன்னிக்கு அண்ணனுக்கு ஆனப்போ... எந்த வீடுன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

அவர் திரும்பவில்லை. "எங்க நின்னுச்சுன்னு பாத்தேன். சேத்தேன். டிவி வந்துச்சு."

"ஏன் சொல்லல?"

வயரைத் தடவியபடி ஒரு சுவரைத் தாண்டினார். பிறகு சொன்னார். "சொல்லியிருந்தா அந்த வீட்டு மாடிய நான் எப்படி தம்பி தாண்டுவேன்? லைன் அது மேலதானே போவுது. பாப்பாவுக்குச் சோறு அந்த லைன்லதானே வருது."

அதைக் கேட்டதும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பெரிய மனசு என்று நினைத்திருந்தது வெறும் பிழைப்புத்தானா என்று தோன்றியது. அவர் அடுத்த சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டே, என்னிடம் சொல்வது போலவும் இல்லாமல் சொன்னார். "வேணும்னு யாரும் பண்ணல. அந்த வீட்டுலயும் பசங்க இருக்குதுங்க." இந்த இரண்டில் எது நிஜமான காரணம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டுமாகவே இருக்கலாம்.

பெட்டி வைத்திருந்தது ஒரு வட்டாரத்தில். ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக ஒற்றை அறை வீடுகள் இருந்தால் இங்கே வட்டாரம் என்போம். அதில் ஒன்றில் செல்வி என்று ஒரு பெண் குடியிருந்தாள். கணவன் டெம்போ ஓட்டுகிறவன். நாங்கள் இறங்கிக் கதவைத் தட்டினோம். திறக்க நேரமாயிற்று. உள்ளேயிருந்து மோட்டார் ஓடுவது போல உர்ரென்று ஒரு சத்தம் கேட்டு, நின்றது. பிறகு கதவு திறந்தது.

"வாங்கக்கா" என்றாள் செல்வி. முகத்தில் ரத்தமே இல்லை. அலமாரி மேல் எங்கள் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் கட்டிலில் ஒரு பெண் குழந்தை போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூச்சு விடும்போது தோள்பட்டை ஏறி ஏறி இறங்கியது. நெஞ்சிலிருந்து விசில் மாதிரி சத்தம்.

"பொட்டிய யாராவது எடுத்தாங்களா செல்வி?"

"இல்லக்கா. நான் தொடவே இல்ல."

"கரண்ட் ஏதாவது போச்சா?"

"இல்லக்கா, சத்தியமா."

அக்கா குனிந்து பார்த்தார். கட்டிலுக்கு அடியில் துணி போட்டு மூடிய ஏதோ ஒன்று இருந்தது. துணிக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் குழாயும், மூக்கில் வைக்கிற மூடியும் தெரிந்தன. வீசிங் வந்த குழந்தைகளுக்கு மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கும் மிஷின். அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயின்ட். குழந்தைக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் செல்வி எங்கள் பெட்டியைப் பிடுங்கிவிட்டு அந்த மிஷினைச் சொருகியிருக்கிறாள். குளிர் ஏறும் சாயங்கால வேளையில்தான் அது முட்டும். கடையில் நெட் நிற்கும் நேரம் அதுதான்.

ஏன் மறைத்தாள் என்று கேட்பீர்கள். அந்த வட்டாரம் முழுவதற்கும் ஒரே மீட்டர். மிஷின் கிஷின் என்று எதுவும் ஓடக் கூடாது, ஓடினால் அன்றைக்கே காலி செய்ய வேண்டும் என்பது வீட்டுக்காரர் சட்டம். அவர் எங்கள் முதலாளியின் மச்சான். இங்கே பெயர் தெரிந்தால் அங்கே வீடு போய்விடும்.

அக்கா குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "பாதியில நிறுத்திட்டியே" என்றார் மெதுவாக. "போடு. முழுசா போடு."

செல்வி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "மன்னிச்சிருங்கக்கா. நான் வந்து..."

"சேச்சே, மொதல்ல புள்ளையப் பாரு."

அவர் தானே எழுந்து பெட்டியைப் பிடுங்கி, மிஷினைச் சொருகிக் கொடுத்தார். அன்று கடையில் நெட் இன்னும் கொஞ்ச நேரம் நின்றது. குழந்தையின் மூச்சுத் திணறல் அடங்கும் வரை நாங்கள் மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். மறுநாள் மத்தியானம் ஒரு டூ-வே பிளக் வாங்கி வந்து, பெட்டியும் மிஷினும் சேர்ந்து ஓடும்படி மாட்டிவிட்டுப் போனார். மிஷினுக்கு அடியில் பழைய மெத்தைத் துண்டு ஒன்றை மடித்து வைத்தாராம், சத்தம் வெளியே கேட்காமல் இருக்க. இதைச் செல்விதான் பின்னால் உங்கள் அம்மாவிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார். நானும் நின்றிருந்தேன்.

"நாலு நாளா நிக்கல. அப்ப கண்டுபிடிச்சிட்டே. யாரு?"

"இனிமே நிக்காது சார். என் பொட்டி. வச்ச எடம் சரியில்ல. என் தப்புதான்."

"உன் தப்புன்னா ஏன் தினமும் அதே நேரத்துல நிக்கணும்? எனக்குக் காது குத்தாதே. அந்த மர்பி டவுன்காரன்கிட்ட நீயே காசு வாங்கிட்டியா?"

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அக்கா என்னைப் பார்த்தார். அதட்டிய பார்வை இல்லை. கேட்டுக்கொண்ட பார்வை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"அப்படி நெனச்சா நான் இன்னா சார் பண்றது? லைன் ஓடுது. அது போதும்ல?"

"போதாது."

"சரி சார்" என்றார் அக்கா. செருப்பை எடுத்துக்கொண்டார். போகும்போது, மூலைக் கம்ப்யூட்டருக்கு அடியில் கட்டிய முடிச்சு தளர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, குனிந்து இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார்.

வாசலுக்கு ஓடிப்போய், "ஏன்க்கா இப்படி? நான் வேணா தனியா அவர்கிட்ட பக்குவமா சொல்லட்டுமா? கொழந்தைக்கு உடம்பு சரியில்லன்னா யாருக்குத்தான் மனசு எறங்காது?" என்றேன்.

"எறங்கும். எறங்கி, மச்சான்கிட்ட சொல்லுவாரு. அவருக்கும் எறங்கணும்ல? எத்தன பேருக்கு எறங்குறது தம்பி" என்றார். பிறகு, "அந்தப் பொண்ணு என் கண்ணப் பாத்துப் பொய் சொல்லிச்சு. அவ்ளோ பயம். அந்தப் பயத்த இன்னொருத்தர் கையில எடுத்துக் குடுக்க என்னால ஆவாது" என்றார்.

முதலாளி வேறு லைன் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்துத் தெருவில் இன்னும் சில பேர் மாறினார்கள். அதற்குப் பிறகு டெலிபோன் வயரிலேயே நெட் வந்துவிட்டது. கேபிள் டிவியையும் பெரிய கம்பெனிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். அக்கா கொஞ்ச நாள் வீட்டு லைன்களை வைத்துக்கொண்டு இழுத்துப்பிடித்துப் பார்த்தார். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு கோலார் பக்கம் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். போகிற அன்றைக்குச் சொல்லிக்கொள்ள வந்தார். உங்கள் அம்மா காபி கொடுத்தாள். "மாடியில வயரெல்லாம் அப்படியே கெடக்கு, பாத்துக்கோ தம்பி. மழையில தொங்கிச்சுன்னா கரண்ட் கம்பிகிட்ட போவும்" என்றார். அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்குத் தெரியாது. செல்வி பெயரை எழுதியதால் இனி அவள் வீடு போகாது; மகளுக்கு இப்போது வீசிங் இல்லை. வளர்ந்துவிட்டாள். நீங்கள் அவளை அக்கா என்று கூப்பிடுகிறீர்கள்.

நான் அவரைப் போல இல்லை, கண்ணுங்களா. தப்புச் செய்தவன் பெயரை வெளியே சொல்ல வேண்டிய இடங்கள் உண்டு என்றுதான் நினைக்கிறேன். உங்களை யாராவது அடித்தால், ஏமாற்றினால், என்னிடம் பெயரைச் சொல்லத்தான் வேண்டும். அதில் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆனால் மேசைக்கு அடியில் கழன்றுபோன ஒரு வயருக்கு உங்கள் இரண்டு பேரில் ஒருவர் தலை குனிய வேண்டாம் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. இதை நான் உங்கள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

பெரியவன் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம், ஒரு மழைக்குப் பிறகு, அக்காவின் பழைய டிவி வயர் தொங்கி, நம் வீட்டுக்கு எதிரே கரண்ட் கம்பிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அன்று மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. ரப்பர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறி, மேலே போய்ப் போட்டுக்கொண்டேன். காய்ந்த கழியால் வயரை இழுத்துச் சுருட்டிக்கொண்டே மாடி மாடியாகத் தாண்டிப் போனேன். பச்சை முடிச்சு, பூப்போட்ட முடிச்சு, எல்லாம் வெளுத்துப்போயிருந்தன. அக்காவோடு அன்று நான் நடந்தது எதிர்ப்பக்கம். அண்ணன் விழுந்த அன்று எல்லோரோடும் ஓடி ஏறியதற்குப் பிறகு இந்தப் பக்கம் வந்ததில்லை.

ஒரு மாடியில், கைப்பிடிச் சுவரை ஒட்டி, நீலக் கட்டம் போட்ட துணி முடிச்சு ஒன்று இருந்தது. லுங்கித் துணி. வயரில் அங்கே மட்டும் பழைய துண்டை வெட்டியெடுத்துப் புதுத் துண்டு சேர்த்திருந்தது. பக்கத்தில் சுவரில், கம்பத்துப் பக்கத்திலிருந்து ஜன்னல் வரைக்கும் வரிசையாகத் துருப்பிடித்த ஆணிகள். கரண்ட் எடுத்த வயர் போன வழி. அவர் கணவரின் உயிர் எந்த இடத்தில் நின்றது என்று எனக்கும் தெரிந்துவிட்டது.

எந்த வீடு என்று கேட்காதீர்கள். அந்த வீட்டுத் தீபாவளிப் பலகாரம் நீங்கள் தின்றிருக்கிறீர்கள்.

கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கீழே அந்த வீட்டில் குக்கர் விசில் அடித்தது. யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். மழையில் நனைந்து நனைந்து முடிச்சு தளர்ந்திருந்தது. அவிழ்ந்து விழாமல் அதை இறுக்கிக் கட்டினேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் படி இறங்கினேன்.